டெண்டருக்கு முன் முடிய வேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் சாலை, பாலப் பணிகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கத்தையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கடிதம் எழுதியவர்களில் சிலர் ஒப்பந்ததாரர்களின் பேராசையையும், சிலர் அதிகாரிகளின் மெத்தனத்தையும், ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களின் வேலைத்திறனையும் குறை கூறியிருந்தார்கள். தமிழக-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இருபுறமும், அதாவது விளவங்கோடு வட்டாரத்திலும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும், சாலை மற்றும் சிறுபாலப் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதில் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம் கட்டுமானப் பணிகளில் பணமும் காலமும் பெரும்பாலும் வீணாவது களத்தில் அல்ல. களத்துக்கு ஆள் இறங்குவதற்கு முன்பே அந்த இழப்பு முடிவாகிவிடுகிறது. நிலம் முழுமையாகக் கைக்கு வராமல், மண் பரிசோதனை சரிவரச் செய்யாமல், பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்காமல், நிரப்புமண்ணும் கல்லும் எந்த இடத்திலிருந்து வரும் என்று தீர்மானிக்காமல் டெண்டர் விடுகிறோம். பிறகு நடப்பவை எல்லாம் அதன் விளைவுகள்.

களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நான்குவழிச் சாலையையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பாதை வயல்களையும் குளங்களையும் கடந்துதான் போகும் என்பது வரைபடத்தில் கோடு போட்ட அன்றே தெரியும். தாழ்ந்த வயலில் சாலை அமைக்க வேண்டுமானால் கரை உயர்த்த வேண்டும். கரை உயர்த்த லட்சக்கணக்கான யூனிட் மண் வேண்டும். நம்முடையதோ பரப்பளவில் சிறிய மாவட்டம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காப்புக்காடும் சரணாலயமும், இடைப்பட்ட மேட்டு நிலங்களில் பெரும்பகுதிக்கு மலைப்பகுதிப் பாதுகாப்புக் கட்டுப்பாடு. இவ்வளவு மண்ணை எங்கே வெட்டுவது, அதற்கு யார் அனுமதி தருவது, அண்டை மாவட்டத்திலிருந்து ஏற்றி வந்தால் லாரி வாடகை எவ்வளவு ஆகும் என்ற கேள்விகளுக்கு விடை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். குளங்களுக்குள் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்புவதா, தூண்களை நிறுத்திப் பாலமாகக் கடப்பதா என்பதும் விவசாயிகள் எழுப்புவதற்கு முன் துறையே எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி. அப்படி நடக்கவில்லை. மண் கிடைக்காமல் பணி முடங்கியது. முதல் ஒப்பந்தம் இடையிலேயே முடித்துக்கொள்ளப்பட்டது. எஞ்சிய பணிக்கு மட்டும் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மறுபடியும் மதிப்பிட்டு மறுபடியும் டெண்டர் விட வேண்டியிருந்தது.

நின்றுபோன பணி நின்ற நிலையிலேயே இருப்பதில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பாதி உயர்த்திய மண்கரை இரண்டு மழைக்காலம் கண்டால் பக்கங்களில் அரிப்பெடுத்து ஓடைகள் விழுந்துவிடும். அந்தக் கரையின் மேல் அப்படியே அடுத்த அடுக்கைப் போட முடியாது. புதரை வெட்டி, தளர்ந்த மண்ணை வாரி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, இறுக்கச் சோதனை எடுத்த பிறகுதான் மேலே ஏற முடியும். பெட்டி வடிவக் காங்கிரீட் சிறுபாலமான பெட்டிப் பாலத்துக்குத் தளம் போட்டுச் சுவருக்கு நீட்டிவிட்ட கம்பிகளின் கதையும் இதுதான். வேலை நிற்கப் போகிறது என்று தெரிந்தால் அவற்றுக்குச் சிமெண்ட் பால் பூசி வைப்போம். அது ஒரு மழைக்குத் தாங்கும். அதற்கப்புறம் துரு ஏறி, செதில் செதிலாக உரியும். கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துப் பார்த்து, விட்டம் குறைந்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டுத் தளத்தில் துளையிட்டுப் புதுக்கம்பி நட வேண்டும். இத்தனைக்கும் ஆகும் கூலியும் பொருளும் சாலையின் நீளத்தில் ஒரு சாணைக்கூடக் கூட்டுவதில்லை. ஆனால் முழுச் செலவும் மக்கள் வரிப்பணத்தில் ஏதாவது ஒரு தலைப்பின்கீழ் ஏறிவிடுகிறது.

எல்லைக்கு அப்பால் இதே பாடத்தை விழிஞ்ஞம் துறைமுகம் நமக்குக் காட்டியது. 2015 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த ஆண்டு டிசம்பரில் பணி தொடங்கி, 2019 டிசம்பருக்குள் முடிய வேண்டிய முதல் கட்டம் அது. மூன்று கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். அதற்கு வேண்டிய பாறைகள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் போதிய அளவு கிடைக்கவில்லை. 2017 இறுதியில் ஒக்கிப் புயல் வேறு பாதி நின்ற சுவரைச் சேதப்படுத்தியது. பிறகு குமரி, நெல்லை மாவட்டக் குவாரிகளிலிருந்து பாறை போயிற்று. டாரஸ் என்னும் அந்தக் கனரக லாரிகள் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வழியாக வரிசை கட்டிச் சென்றதையும், அதனால் நம் சாலைகள் பட்ட பாட்டையும் இப்பகுதி மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் வணிகப் போக்குவரத்து தொடங்கியது 2024 டிசம்பரில். நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2025 மே 2 அன்று. ஐந்து ஆண்டுத் தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கல் எங்கிருந்து வரும் என்ற ஒரு கேள்விக்கு முதல் நாளே கையில் விடை இருந்திருந்தால் அந்தக் காலத்தில் கணிசமான பகுதி மிஞ்சியிருக்கும் என்பதே என் உறுதியான கருத்து. நம் குவாரிகளின் கனிமம் கேரளத்துக்குப் போகலாமா கூடாதா என்ற சர்ச்சை தனி. ஒரு மாநிலத்தின் பெரிய பணி இன்னொரு மாநிலத்தின் மலையையும் சாலையையும் நம்பியிருக்கிறது என்றால், இரு அரசுகளும் டெண்டருக்கு முன் உட்கார்ந்து பேசி அளவையும் பாதையையும் விலையையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

நிலம் எடுப்பில் விதிகள் இல்லாமல் இல்லை. தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் ஒப்பந்த வகையைப் பொறுத்து 80 அல்லது 90 சதவீத நிலம் கைவசம் வந்த பின்பே பணி தொடங்கும் நாள் குறிக்கப்பட வேண்டும் என்பது நடைமுறை. ஏட்டளவில் நல்ல விதிதான். ஆனால் வராத பத்து, இருபது சதவீதம் எந்த இடம் என்று பாருங்கள். அது பெரும்பாலும் சந்திப்பாக, ஊர் நடுவாக, பாலத்தின் அணுகுசாலையாக, வழக்கில் கிடக்கும் கடை வரிசையாக இருக்கிறது. ஆற்றின் மேல் பாலம் தயார், அதில் ஏறுவதற்கு இருபுறமும் சாலை இல்லை என்ற நிலை நம் பக்கமும் உண்டு, கேரளப் பக்கமும் உண்டு. திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி இரட்டை ரயில் பாதை 2015-16 இல் அனுமதி பெற்றது. சுமார் 87 கிலோமீட்டர்தான் நீளம். கேரளப் பகுதியில் நிலம் கைக்கு வருவதற்கே பல ஆண்டுகள் போயின. சொந்தமாக வீடு கட்டும் எவரும் மனையின் பத்திரம் கைக்கு வருவதற்கு முன் கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதில்லை. அரசு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? எத்தனை சதவீதம் நிலம் வந்தது என்று கேட்பதை விட, தடையில்லாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வேலை பார்க்கத் தக்கதாக எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறது என்று கேட்டால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

தொழிலாளர்களின் வேலைத்திறனைப் பற்றி எழுதிய வாசகருக்கு நான் மரியாதையுடன் மறுப்புச் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பிள்ளைகளோடும், நம்மூர்க் கொத்தனார், கையாள்களோடும் வேலை பார்த்திருக்கிறேன். பொருளும் வரைபடமும் காலை ஏழு மணிக்குக் கையில் இருந்தால் அவர்கள் மாலைக்குள் செய்து முடிக்கும் வேலை வேறு. பத்து மணி வரை ஜல்லி லாரிக்காகக் காத்திருந்துவிட்டு, பதினொன்றுக்குத் தோண்டிய இடத்தில் குடிநீர்க் குழாய் தென்பட்டு, மத்தியானம் முழுக்கக் குடிநீர் வாரிய ஆள் வருவாரா என்று பார்த்திருந்து செய்யும் வேலை வேறு. இரண்டு நாளும் கூலி ஒன்றுதான். நான் மேற்பார்த்த ஒரு பெட்டிப் பால வேலையில், வரைபடத்தில் காட்டப்படாத பழைய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய் ஒன்று தளத்தின் குறுக்கே வந்து நின்றது. அதை மாற்றுவது அரை நாள் வேலை. எந்தத் துறையின் நிதியில் மாற்றுவது என்று முடிவு செய்யும் கடிதப் போக்குவரத்து முடிவதற்குள் மழை வந்து, தோண்டிய குழியில் தண்ணீர் நிரம்பி, பக்கம் சரிந்து, அருகில் இருந்த வீட்டு மதிலும் சாய்ந்தது. அந்த மதிலைக் கட்டிக்கொடுத்த செலவு குழாயை மாற்றும் செலவை விட அதிகம். வேலை ஆட்கள் அதில் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

அடுத்தது பருவம். இதை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கோப்பு எழுதுபவர்களுக்கு இது தெரிவதே இல்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடங்கிப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மண் வேலைக்கும் தார் வேலைக்கும் நம்பத் தகுந்த உலர்காலம் ஜனவரியிலிருந்து மே வரைதான். ஆனால் நிதி ஒதுக்கி, நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் வாங்கி, டெண்டர் திறந்து, பணி ஆணை கைக்கு வரும்போது பெரும்பாலும் ஜனவரியோ பிப்ரவரியோ ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஒப்பந்ததாரர் ஜல்லிக்கும் எம்சாண்டுக்கும் ஓடுவார். மார்ச் 31க்குள் பில் போட்டாக வேண்டும் என்ற நெருக்கடியில் மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே குவாரிகளை நோக்கி ஓடுவதால் விலை ஏறும். தார்க் கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரம் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை கூடும். மீதமுள்ள வேலை ஜூனில் ஈரத் தரையின் மேல் நடக்கும்.

தார்க் கலவையைப் பற்றி ஓரளவு தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பேவரில் கொட்டும்போது கலவை சுமார் 140 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓடி முடிந்திருக்க வேண்டும். பிளாண்டிலிருந்து நெடுந்தூரம் தார்ப்பாய் மூடாத டிப்பரில் வந்த கலவை, நடுவில் களியக்காவிளை நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தால், மேல்பரப்பு ஆறிக் கட்டி கட்டியாகிவிடும். அதை ஈரத் தரையில் பரப்பினால் ஒட்டாது. பார்வைக்கு அன்று மாலை கருப்பாக, வழவழப்பாகத்தான் இருக்கும். அடுத்த ஐப்பசியில் அடுக்கு அடுக்காகப் பெயரும். வெப்பமானி ஒன்றைக் கலவைக்குள் குத்திப் பார்த்து, குறைந்திருந்தால் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் துணிவும் களத்தில் நிற்கும் ஒருவருக்கு இருக்க வேண்டும். ஒரே உதவிப் பொறியாளர் பல இடங்களில் நடக்கும் பணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒருவர் பெரும்பாலும் களத்தில் இருப்பதில்லை. ஆகவே என் முதல் வேண்டுகோள், நம் மாவட்டத்துச் சாலைப் பணிகளுக்கு மட்டுமாவது ஆகஸ்டில் டெண்டர் திறந்து, அக்டோபரில் பணி ஆணை வழங்கி, மழை பெய்யும் மாதங்களில் ஜல்லி சேர்ப்பது, சிறுபாலங்களுக்கான காங்கிரீட் துண்டுகளை முற்றத்தில் வார்த்து வைப்பது, குழாய்களை இடம் மாற்றுவது ஆகியவற்றை முடித்து, பொங்கல் கழிந்த மறுநாள் சாலையில் இறங்கும்படி ஆண்டு அட்டவணையை மாற்றியமைக்க வேண்டும் என்பது. இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் நிதி தேவையில்லை.

மண் பரிசோதனைக்கு வருகிறேன். 2025 மே 19 அன்று மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் தேசிய நெடுஞ்சாலை 66 இன் புதிய கரை இடிந்து சேவைச் சாலையின் மேல் சரிந்ததைப் படங்களில் அனைவரும் பார்த்தோம். வயல்வெளியின் இளகிய மண், தன் மேல் ஏற்றிய உயரமான கரையின் பாரத்தைத் தாங்கவில்லை. ஒப்பந்த நிறுவனம் புதிய டெண்டர்களில் பங்கேற்கத் தடை விதிக்கப்பட்டது. அந்த இடத்தில் தூண்கள் மேல் பாலமாகவே கட்டித் தர வேண்டும் என்றும் முடிவாயிற்று. அதே நெடுஞ்சாலைதான் நம் மாவட்டத்துக்குள்ளும் வருகிறது. இங்கும் அது நெல்வயல்களையும் குளத்து வண்டலையும் கடக்கிறது. எந்தெந்த இடத்தில் எத்தனை அடி ஆழத்துக்குத் துளையிட்டு மண் பார்த்தார்கள், என்ன கிடைத்தது என்ற அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் இணையத்திலும் வைத்தால் என்ன? துளையிட்டுப் பார்க்கும் செலவு ஒரு பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைத்தான் திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்தைக் குறைந்த கட்டணத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது நாம் முதலில் வெட்டுகிறோம். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்ப் பணியின் தலையெழுத்தை எழுதுகிற அறிக்கை அது. அதைத் தயாரிப்பவர் தேர்வில் கட்டணம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்ற முறையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1998 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தபோது அது ஊழலைத் தடுக்கும் நல்ல ஏற்பாடாகத்தான் வந்தது, இன்றும் அதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கைக்குக் கை வேலை கொடுத்த காலத்துக்குத் திரும்பிப் போக யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் குறைந்த தொகை எது என்று கணக்கிடும் முறை மாற வேண்டும். கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டு நிறைவதற்குள், 2019 மே மாதத்தில், கட்டுமானக் குறைபாட்டால் மூட வேண்டியதாயிற்று. சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, 2020 செப்டம்பரில் மாற்றிக் கட்ட அனுமதி கிடைத்தது. ரயில்வேப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் டெல்லி மெட்ரோ நிறுவனம் பொறுப்பேற்று, அரை ஆண்டுக்குள் மேல்கட்டுமானத்தின் பெரும்பகுதியை மாற்றிக் கட்டி, 2021 மார்ச்சில் மறுபடியும் திறந்தது. அதே இடம், அதே வாகன நெரிசல். களப்பணியைச் செய்தது வடகரையில் 1925 இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். வேலை செய்பவர்களே உறுப்பினர்களாக இருக்கும் சங்கம் அது. பெரிய பாலங்களை உரிய காலத்தில் முடிக்கும் அளவுக்கு அது வளர்ந்திருப்பது, தொழிலாளிதான் தாமதத்துக்குக் காரணம் என்ற பேச்சுக்கு நல்ல மறுமொழி.

நம் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். காமராஜர் ஆட்சிக் காலத்தில் திட்டமிட்டு, பறளியாற்றின் குறுக்கே 28 தூண்களின் மேல், 115 அடி உயரத்தில், 12 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய்ச் செலவில் 1966 இல் முடிந்தது. அன்றைய ரூபாயை இன்றைய ரூபாயோடு ஒப்பிடுவது சரியல்ல. ஆனால் அறுபது ஆண்டுகளாக அது கால்வாய் நீரைச் சுமந்து நிற்கிறது. மூன்று ஆண்டில் மூடப்படும் பாலத்தின் விலையையும் அறுபது ஆண்டு உழைக்கும் பாலத்தின் விலையையும் வெறும் டெண்டர் தொகையை வைத்து ஒப்பிட முடியாது. எத்தனை ஆண்டு உழைக்கும், இடையில் பராமரிப்புக்கு எவ்வளவு வேண்டும், மூடிக் கிடக்கும் நாட்களில் மக்கள் சுற்றிப் போவதால் எவ்வளவு எரிபொருள் போகும் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மலிவு எது என்று சொல்ல வேண்டும். மத்திய நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் அறிவுரைகளில், தகுந்த பணிகளுக்கு விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் கொடுத்துத் தேர்வு செய்ய இடம் தரப்பட்டிருக்கிறது. மாநில அரசுத் துறைகளும் ஊராட்சிகளும் அந்த வழியைச் சிறிய அளவிலாவது சோதித்துப் பார்க்கலாம்.

அதே அறிவுரையில் உள்ள இன்னொரு அம்சம் இதைவிட முக்கியமானது என்று கருதுகிறேன். ஒப்பந்ததாரர் பகுதிப் பில் கொடுத்தால், பத்து வேலை நாட்களுக்குள் தகுதியான தொகையில் 75 சதவீதத்தை வழங்கிவிட வேண்டும், மீதியைச் சரிபார்த்துப் பின்னர் கொடுக்கலாம் என்கிறது அது. பில் தொகை தாமதமானால் யாருக்கு என்ன நட்டம் என்று பலர் கேட்கலாம். சிறிய ஒப்பந்ததாரர் மாத வட்டிக்குக் கடன் வாங்கிச் சனிக்கிழமைக் கூலி கொடுக்கிறார். சிமெண்ட் கடையில் ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. அடுத்த டெண்டரில் இந்த வட்டியையும் சேர்த்துத்தான் தொகை எழுதுவார். சேர்க்காதவர் சிமெண்டில் கைவைப்பார். கேரளத்திலும் ஒப்பந்ததாரர் நிலுவை பெரிய பிரச்சினைதான். அங்கே அரசுப் பில்லை வங்கியில் கொடுத்து முன்கூட்டிப் பணம் பெறும் ஏற்பாடு உண்டு, ஆனால் அதற்கான வட்டியின் சுமையும் கடைசியில் பணியின் விலையில்தான் ஏறுகிறது. அளவுப் புத்தகத்தில் பொறியாளர் அளவு எழுதிய நாள், பில் அனுப்பிய நாள், தொகை வங்கியில் ஏறிய நாள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பணிக்கும் பொதுவில் வெளியிட்டால் தாமதம் எந்த மேசையில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கேரளத்திடமிருந்து நாம் உடனே எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. 2021 இறுதியிலிருந்து அங்கே பொதுப்பணித் துறைச் சாலைகளில் பலகை வைத்திருக்கிறார்கள்: இந்தச் சாலையைப் போட்ட ஒப்பந்ததாரர் இவர், பொறியாளர் இவர், பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இந்தத் தேதி வரை, பழுது கண்டால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று. பாறசாலையில் இறங்கி நடப்பவர் அதைப் படிக்கலாம். எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அப்படி எங்கும் எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர்கள் இருக்கும், பொறுப்புக் காலம் இருக்காது. பலகை வைத்ததால் மட்டும் சாலை நன்றாகிவிடாது என்பதும் உண்மை. ஆயினும் பொறுப்புக் காலம் முடிவதற்கு ஒரு மாதத்துக்கு முன் ஊர்க்காரர் ஒருவர் குழியைப் படம் பிடித்து அனுப்ப முடிவதால், அரசு தன் செலவில் அடைக்க வேண்டிய குழியை ஒப்பந்ததாரர் தன் செலவில் அடைக்க வேண்டி வருகிறது. நம் நெடுஞ்சாலைத் துறைக்கும் இவ்வழியில் முன்னனுபவம் உண்டு. பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கிய செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தத்தில், எத்தனை டன் தார் போட்டாய் என்று பார்க்காமல், குழியில்லாத சாலையை ஐந்தாண்டு வைத்திருந்தாயா என்று பார்த்துப் பணம் தரும் முறை வந்தது. அதை இரண்டு மழை பெய்யும் நம் மாவட்டத்தில் உரிய நிபந்தனைகளோடு நடைமுறைப்படுத்தினால், போட்ட சாலையைக் காப்பாற்றுவதில்தான் தன் லாபம் இருக்கிறது என்று ஒப்பந்ததாரரே வடிகாலைத் தூர்வாருவார்.

வடிகாலைச் சொல்லும்போது ஒரு வார்த்தை. நம் ஊர்களில் சாலையைக் கெடுப்பது வாகனத்தை விடத் தண்ணீர். ஒவ்வொரு முறையும் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போட்டு உயர்த்தி, வீட்டு வாசலுக்குள் தண்ணீரைத் தள்ளி, வீட்டுக்காரர் மேடு கட்டி, அந்தத் தண்ணீர் மறுபடி சாலையில் தேங்கி என்று போய்க்கொண்டிருக்கிறது. சாலைப் பணி என்றாலே வடிகாலும் சேர்ந்த ஒரே பணி என்று மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும்.

முடிவெடுக்கும் அதிகாரம் களத்தில் இருக்க வேண்டும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று போதும். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தபோது, அன்று இளம் பொறியாளராக இருந்த அதே இ. ஸ்ரீதரனிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. மாதக்கணக்கில் ஆகும் என்று கருதப்பட்ட வேலையை 46 நாட்களில் முடித்தார்கள். கடலடியில் கிடந்த உத்தரங்களை எடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம் என்று அங்கேயே பார்த்து அங்கேயே முடிவு செய்ய முடிந்ததால்தான் அந்த வேகம். இன்று ஒரு சிறுபாலத்தின் தளமட்டத்தை அரை அடி இறக்குவதற்குக் கோப்பு துறையின் வட்ட அலுவலகத்துக்குப் போய், மண்டல அலுவலகத்துக்குப் போய், திரும்பி வருவதற்குள் ஒரு பருவம் போய்விடுகிறது. குறிப்பிட்ட செலவு வரம்புக்குள், காரணத்தை எழுதி வைத்து, உதவிச் செயற்பொறியாளரே மாற்றத்துக்கு ஒப்புதல் தரவும், பிறகு தணிக்கை அதைப் பார்க்கவும் விதி செய்தால் போதும். நேர்மையாக முடிவெடுத்த பொறியாளரைத் தணிக்கைக் குறிப்பு ஒன்று ஓய்வூதியம் வரை துரத்தும் நிலை இருந்தால் எவரும் முடிவெடுக்க முன்வரமாட்டார்கள். முடிவெடுக்காமல் இருந்ததற்காக யாரும் தண்டிக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

இவற்றில் உடனடியாக நடக்க வேண்டியதாக நான் கேட்பது நான்குவழிச் சாலையின் எஞ்சிய பகுதியைப் பற்றியது. எந்தெந்தக் கிராமத்தில் எவ்வளவு நிலம் இன்னும் கைக்கு வரவில்லை, எந்தக் குளத்தில் பாலம், எந்தக் குளத்தில் கரை, நிரப்புமண் எந்த சர்வே எண்ணிலிருந்து எவ்வளவு எடுக்க அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது, எந்தச் சாலை வழியாக லாரிகள் வரும் என்ற விவரங்களை மாவட்ட நிர்வாகமும் நெடுஞ்சாலைத் துறையும் தமிழில், கிராமவாரியாக, வரும் ஐப்பசி மழைக்கு முன் வெளியிட வேண்டும். பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் விவசாயிகள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குறைதீர் கூட்டத்தில் கேள்வி கேட்கத் தயாராகவே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டுமானப் பணி மேற்பார்வையாளர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.